வில்வண்டி ஓடிய சாலை

சென்ற பொங்கல் விழாவில் நமது சங்கம் நடத்திய சிறுவர் பேச்சுப் போட்டியை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஏழாம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தி மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றிப் பேசி முதற்பரிசு பெற்றாள். மாண்ட்கோமரி நகரத்துப் பேருந்தில் வெள்ளையர் ஒருவருக்கு எழுந்து இடங்கொடுக்க ரோசா பார்க்ஸ் அம்மையார் மறுத்தது 1955 டிசம்பர் 1 என்பதையும், அதன் பயனாக அந்நகரின் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தில் ஏறாது நடந்தே சென்றதையும் அவள் ஓரிடத்திலும் தடுமாறாமல் சொன்னாள். பந்திக்கு இலை போடும் வேளையில் நாம் அவளை அருகழைத்துப் பாராட்டிவிட்டு, "உன் பாட்டியின் ஊர் நெய்யாற்றின்கரைப் பக்கந்தானே? அங்கே அய்யன்காளி என்று ஒருவர் இருந்தாரே, கேள்விப்பட்டிருக்கிறாயா?" என்று வினவினோம்.

"அது எந்தக் கோயில் சாமி, மாமா?" என்றாள்.

சூழ இருந்தோர் சிரித்தனர், நாமும் சிரித்தோம். ஆயினும், சிரிக்கும் உரிமை நமக்கு இல்லை என்பது அன்றிரவு மின்வண்டியில் வீடு திரும்புகையில் உறைத்தது. நாம் பாறசாலைக்கு அடுத்த சிற்றூரில் பிறந்து, அங்கேயே மெட்ரிக்குலேசன் தேறி, பின்னர் இம்மும்பையில் இருப்புப்பாதைச் சீட்டு வழங்கும் எழுத்தராய் அமர்ந்தவர். பிறந்த வீட்டிலிருந்து அய்யன்காளியின் ஊராகிய வெங்கானூருக்குப் பேருந்தில் போய் மாலைக்குள் மீண்டுவிடலாம். அவ்வளவு அருகில் இருந்தும், முப்பது வயதுவரை அவரைச் சிலையாகவும் விடுமுறை நாளாகவும் மட்டுமே அறிந்திருந்தோம். இக்கட்டுரை அக்கடனை ஓரளவேனும் தீர்ப்பதற்காக எழுதப்படுகிறது.

அய்யன்காளி 1863 ஆகஸ்டு 28-இல் புலையர் குலத்தில் பிறந்தார். அக்காலத் திருவிதாங்கூரில் அக்குலத்தார் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட நிலை சட்டத்தால் நீங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சட்டம் நீங்கிற்றே தவிர, வழக்கம் நீங்கவில்லை. அரசுச் சாலையில் நடத்தல் ஆகாது. முழங்காலுக்குக் கீழே ஆடை தழையல் ஆகாது. சந்தைக்குள் நுழைந்து பொருள் வாங்கல் ஆகாது. வேண்டிய பொருளைத் தொலைவில் நின்று உரக்கச் சொல்லிப் பெற்றுக்கொள்ள வேண்டும். இந்நிலையில், 1893-ஆம் ஆண்டு, முப்பது வயதினரான அவர் ஒரு வில்வண்டியை விலைக்கு வாங்கினார். இரண்டு காளைகளைப் பூட்டி, அவற்றின் கழுத்தில் மணிகட்டி, தாம் வெள்ளை வேட்டியும் மேலாடையும் தலைப்பாகையும் அணிந்து, அரசுச் சாலையின் நடுவே ஓட்டிச் சென்றார். வண்டியில் ஏறிப் போதல் உயர்குலத்தார்க்கே உரியது என்றிருந்த காலம் அது. மறித்தவர்களுக்கு அஞ்சி அவர் வண்டியைத் திருப்பவில்லை.

ரோசா பார்க்ஸ் அம்மையார் பேருந்தில் எழாமல் அமர்ந்திருந்ததற்கு 62 ஆண்டுகள் முற்பட்ட செய்தி இது. யார் முந்தியவர் என்று பெருமை பேசுவதற்காக இதனைச் சொல்லவில்லை. ஒன்றைப் படிக்கும் பிள்ளைக்கு மற்றொன்றும் எளிதில் விளங்கும் என்பதற்காகவே சொல்கிறோம்.

வண்டியோட்டத்தின் பின் சில ஆண்டுகளில், தம் தோழர்களைத் திரட்டிக்கொண்டு பொதுவழியே நடந்தும் காட்டினார். பாலராமபுரத்துச் சாலியத் தெருவில் எதிரிகள் வழிமறிக்க, பெருங்கலகம் மூண்டு இருபுறத்தாரும் குருதி சிந்தினர். இத்தெருவை நம் அன்பர்களிற் பலர் அறிவர். தமிழ்நாட்டிலிருந்து திருவிதாங்கூர் மன்னர் அழைத்துக் குடியேற்றிய சாலியர் என்னும் நெசவாளர் வாழுந் தெரு அது. மும்பையிலிருந்து ஊருக்குப் போகும் நாம் ஓணத்துக்குக் கைத்தறி வேட்டி எடுக்க அங்கேதான் நுழைகிறோம். அத்தெருவில் ஒரு காலத்தில் நடப்பதற்காகவே மண்டை உடைந்தது என்று எந்தக் கடைக்காரரும் நமக்குச் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை.

சாலைக்கு அடுத்தது பள்ளி. எழுத்தறியாதவரான அய்யன்காளி 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். 1911-இல் ஸ்ரீமூலம் பிரஜாசபைக்கு நியமனம் பெற்றார். சபையில் அவர் கேட்டவற்றுள் முதன்மையானவை நிலமும் பள்ளியும். தாழ்த்தப்பட்ட குழந்தைகளைப் பள்ளியிற் சேர்க்கலாம் என்று அரசாணை பிறந்தும், அதனைக் கீழுள்ளோர் நடைமுறைக்கு வரவிடவில்லை. ஆணையின் நகல் மேசைக்குள் உறங்குவது எக்காலத்தும் உள்ளதே. அலுவலகத்தில் இருப்போர் நாம், இதில் வியப்பதற்கு ஏதுமில்லை. ஆணையை எழுப்புவதற்கு அவர் ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். பஞ்சமி என்பது அக்குழந்தையின் பெயர், இடம் ஊரூட்டம்பலம் பெண் பள்ளிக்கூடம், காலம் 1914-15. குழந்தை பெஞ்சில் உட்கார்ந்தாள். கலகம் எழுந்தது. அவள் அமர்ந்த பள்ளியையே தீயிட்டு எரித்துவிட்டனர்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி 1960 நவம்பர் 14 அன்று வெள்ளையர் பள்ளிக்குள் அழைத்துச் செல்லப்பட்டாள். கூட்டம் வசைமாரி பொழிந்தது. வெள்ளைப் பெற்றோர் தம் பிள்ளைகளை வெளியே அழைத்துக்கொண்டனர். ஓர் ஆசிரியை மட்டும் அவ்வாண்டு முழுவதும் அவள் ஒருத்திக்காகவே வகுப்பு நடத்தினார். ரூபிக்கு முன்னும் பின்னும் மத்திய அரசின் காவலர் நடந்தனர். பஞ்சமியோடு நடந்தவர் அய்யன்காளியும் அவருடைய ஆட்களுமே. ரூபியின் பெயரை உலகம் அறியும். பஞ்சமி அதன்பின் எவ்வளவு படித்தாள் என்பதை நம் ஊரில் சொல்வார் அரியர்.

பள்ளி மறுக்கப்பட்டமைக்கு அவர் கண்ட மருந்து இன்னும் வலியது. எங்கள் பிள்ளைகளைப் படிக்கவிடாவிட்டால் உங்கள் வயலில் நாங்கள் இறங்கமாட்டோம் என்று உழவுத் தொழிலாளரை நிறுத்திவைத்தார். ஊதியமும் ஓய்வும் கேட்டு வேலைநிறுத்தம் நடப்பது உலகத்தில் புதிதன்று. படிப்புக் கேட்டு உழவர் வயலைத் தரிசு போட்டது அரிது. அடுப்பெரியாத குடிசைகளில் இருந்தோரை விழிஞ்ஞம் கடற்கரையின் மீனவர்கள் தம் வள்ளங்களிற் சேர்த்துக்கொண்டனர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். நிலவுடைமையாளர் தாமே நாற்று நடப் போய்ச் சேற்றில் நின்ற கதைகளும் உண்டு. முடிவில் கண்டல நாகம் பிள்ளை என்னும் நீதிபதியின் நடுவுநிலைமையால் உடன்பாடு ஏற்பட்டது. கொல்லத்தையடுத்த பெரிநாட்டில் 1915-இல் எழுந்த கலகத்தின் பின், கொல்லத்துச் சர்க்கஸ் கூடாரமொன்றில் கூடிய கூட்டத்தில், அடிமைக்கு அடையாளமாய்க் கழுத்திற் கிடந்த கல்மாலைகளைப் பெண்கள் அறுத்தெறிந்ததும் அவர் சொல்லுக்கு இணங்கியே. 1937-இல் காந்தியடிகள் வெங்கானூருக்கு வந்தபோது அவர் விரும்பிக் கேட்டது, தம் மக்களில் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைக் கண்டுவிட்டுச் சாக வேண்டும் என்பதே. 1941 ஜூன் 18-இல் அவர் மறைந்தார்.

இனி, நம் சிறுமி பேசிய கிங் அவர்களிடம் வருவோம். அவர் 1959 பிப்ரவரியில் தம் மனைவியாருடன் திருவனந்தபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் வந்தார். அன்று அவ்வழியில் இருப்புப்பாதை கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து குமரிக்குப் பாதை திறந்தது 1979-இல். ஆகவே அந்நாளில் குமரிக்குச் செல்வோர் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை என்று சாலைவழியே போதல் வேண்டும். மொழிவழி மாநிலங்கள் 1956 நவம்பர் 1-இல் அமைந்தபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்த எல்லைக்கோடு அப்போது இரண்டு வயதைத் தாண்டிய குழந்தை.

திருவனந்தபுரத்தில் அவரை ஒரு பள்ளிக்கு அழைத்துச் சென்றனர். தீண்டாதார் எனப்பட்ட குலங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பயின்ற பள்ளி அது. தலைமையாசிரியர் அவரை மாணவர்க்கு அறிமுகம் செய்கையில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மையொத்த தீண்டாதார் என்று சொன்னாராம். கிங் முதலில் திடுக்கிட்டார். சற்றுச் சினமும் கொண்டார். பின்பு தம் நாட்டில் வறுமையிலும் ஒதுக்கிடங்களிலும் அடைபட்டுக் கிடக்கும் இரண்டு கோடிக் கறுப்பின மக்களை எண்ணிப் பார்த்து, ஆம், நான் தீண்டாதவன்தான் என்று தமக்குள் ஒப்புக்கொண்டார். இச்செய்தியை அவரே 1965 ஜூலை 4-இல் அட்லாண்டா நகரத்துத் தேவாலயத்தில் எடுத்துரைத்தார். பல நாட்டுத் தலைவர்களின் வரவேற்புரைகளைக் கேட்டவர், பெயர் தெரியாத ஒரு தலைமையாசிரியரின் ஒரு சொல்லை ஆறாண்டு மறவாதிருந்தார்.

நிற்க. இவ்வளவு தூரம் எழுதியபின் நம் வீட்டைப் பற்றியும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது.

நம் குலப் பெண்டிர் மேலாடை அணிவதற்காகப் பட்ட பாட்டை எல்லைப்புற ஊர்களில் வயதானோர் இன்றும் சொல்வர். கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை ஆகிய இடங்களில் சந்தைகளில் பெண்களின் ரவிக்கை கிழிக்கப்பட்டது, வீடுகள் எரிந்தன. 1859 ஜூலை 26-இல் அரசப் பிரகடனம் வந்தபின்னரே அது ஒருவாறு ஓய்ந்தது. இதனை நம் பாட்டியார் கண்ணீரோடு சொல்லக் கேட்டிருக்கிறோம். அதே பாட்டியார் புறவாசலில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்திருப்பார். கிழங்கு பறிக்க வரும் புலையர் குலத்து முதியவருக்குக் காப்பி ஊற்றுவது அச்சிரட்டையில். நமக்குப் பத்து வயதாகுமட்டும் அது அங்கே இருந்தது. ஊரூட்டம்பலத்துப் பள்ளி எரிந்த நாளில் நம் முன்னோர் எப்பக்கம் நின்றனர் என்று வீட்டில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

சிரட்டை போயிற்று, புறவாசல் போகவில்லை. நம் பெரியப்பாவின் பிள்ளை ஒருவர் ஆணாகப் பிறந்து வளர்ந்து, பதினெட்டு வயதில் வீட்டைவிட்டுக் கோவைக்குப் போய், திருநங்கையாகி, திருமணச் சமையற்காரரிடம் தொழில் கற்று நன்றாகப் பிழைத்துவந்தார். இனித் தங்கை என்றே எழுதுகிறோம். மூன்றாண்டுகட்குமுன் வீட்டில் நிகழ்ந்த காதுகுத்து விழாவுக்கு அவள் வந்திருந்தாள். முன்பந்தியில் உறவினர் இருக்க, அவளைப் புறவாசல் திண்ணையில் உட்கார்த்தி இலை போட்டனர். அந்த இலையை எடுத்துக்கொண்டுபோய் வைத்தவர் வேறெவருமல்லர், நாமே. பெரியம்மா சொன்னார், செய்தோம். அவள் உண்டுவிட்டு, எவரும் எடுக்குமுன் இலையைத் தானே எடுத்துச் சென்று தென்னை மூட்டில் போட்டுவிட்டுக் கைகழுவினாள். "சாம்பார்ல காயம் கூடிப்போச்சு அண்ணே" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

இவ்வாண்டு விடுமுறையில் நேத்ராவதி வண்டியில் ஊர் போனபோது தங்கையும் வந்திருந்தாள். அய்யன்காளியின் பள்ளியைப் பார்க்கப் போகிறோம் என்றதும் தானும் வருவதாகச் சொன்னாள். பாறசாலையிலிருந்து பாலராமபுரத்துக்குப் பேருந்து ஏறினோம். கூட்டம் மிகுதி. மூவர் அமரும் இருக்கையில் சன்னலோரம் அவள், அடுத்து நாம். மூன்றாவது இடம் காலியாய் இருந்தது. நடைவழியில் நின்றோர் பத்துப் பேருக்குக் குறையார். ஒரு முதியவர் அவ்விடத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கம்பியை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டார். அமரவிளைப் பாலமும் தாண்டிற்று. யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை, யாரும் உட்காரவுமில்லை. நம் தங்கை வெளியே நெய்யாற்றைப் பார்த்துக்கொண்டு, மணலை வாரி வாரி ஆறு கிணறாகிப்போனதைப் பற்றிப் பேசிவந்தாள்.

அப்பேச்சினூடே மயிலம்மாவைப் பற்றியும் சொன்னாள். பாலக்காட்டு எல்லையில் பிளாச்சிமடை என்னும் சிற்றூரில், இரவாளர் என்னும் பழங்குடியிற் பிறந்து, பள்ளியே அறியாத பெண்மணி அவர். அங்கே அமைந்த குளிர்பான ஆலை நிலத்தடி நீரை இறைத்தெடுக்க, ஊர்க்கிணற்று நீர் குடிக்கவும் சமைக்கவும் உதவாததாயிற்று. மயிலம்மா முன்னிற்க, 2002 ஏப்ரலில் ஆலை வாயிலில் பந்தலிட்டு மக்கள் அமர்ந்தனர். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2007-இல் மயிலம்மா மறைந்தார். நாம் இதனைக் கேட்டபோது, வட கரோலினாவின் வாரன் கௌண்டியில் 1982-இல் நடந்தது நினைவுக்கு வந்தது. நச்சுக் கலந்த மண்ணைக் கொட்டுவதற்கு அரசு தேர்ந்த இடம் கறுப்பின ஏழைகள் நிறைந்த ஊர். லாரிகளின் முன் சாலையிற் படுத்து மறித்தோரில் ஐந்நூற்றுவர்க்கு மேல் கைதாயினர். குப்பை எவர் வாசலில் கொட்டப்படுகிறது, தண்ணீர் எவர் கிணற்றிலிருந்து போகிறது என்ற கேள்வியிலும் பழைய தீண்டாமையே வேறு உடையில் நிற்கிறது என்பது நம் எண்ணம்.

பாலராமபுரத்தில் இறங்கிக் காட்டாக்கடை போகும் வண்டியைப் பிடித்து ஊரூட்டம்பலம் சேர்ந்தோம். அப்பள்ளிக்கு 2022 டிசம்பரில் கேரள அரசு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டியிருக்கிறது. அன்றைய தீயில் எஞ்சியதென்று ஒரு பெஞ்சைப் பேணிவைத்திருக்கின்றனர். கரிந்த மரம், நம் நிலையங்களில் கழித்துவிடும் பழைய பெஞ்சைக் காட்டிலும் சிறியது. ஒரு குழந்தை அதில் உட்கார்ந்ததற்கா இவ்வளவும் என்று தோன்றிற்று. தங்கை நெடுநேரம் நின்றாள். வெளியே வந்து சர்பத்துக் கடையில் நின்றபோது, "அந்தப் பிள்ளைக்கு அன்னைக்கு ராத்திரி உறக்கம் வந்திருக்குமா அண்ணே?" என்று கேட்டாள். நமக்கு விடை தெரியவில்லை.

நியூயார்க்கில் மார்ஷா பி. ஜான்சன் என்ற கறுப்பினத் திருநங்கை இருந்தார்; 1945-இல் பிறந்து 1992-இல் மறைந்தவர். 1969 ஜூனில் ஸ்டோன்வால் என்னும் விடுதியில் போலீசாரின் கொடுமையை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் முன்னின்றோரில் ஒருவராக அவரைப் போற்றுவர். நாம் அவரை மதிப்பது வேறொரு செயலுக்காக. மறு ஆண்டு அவரும் சில்வியா ரிவேரா என்னும் தோழியும் சேர்ந்து, வீட்டாரால் துரத்தப்பட்டுத் தெருவிற் கிடந்த தம்மையொத்த இளையோர்க்கு ஒரு வீடு பிடித்துக்கொடுத்தனர். பாழடைந்த கட்டடம், வாடகையைத் தாமே தேடிக் கொடுத்தனர். தங்குவதற்கு ஓர் இடம் இல்லாதவர்க்கு உரிமையைப் பற்றிய பேச்சு எட்டாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நம் நாட்டிலும் ஆணைகளுக்குக் குறைவில்லை. 2014 ஏப்ரல் 15-இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது. 2015-இல் கேரளம் இந்தியாவிலேயே முதலாவதாகத் திருநர்க்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. 2017-இல் கொச்சி மெட்ரோ இருப்புப்பாதை திறந்தபோது 23 திருநர்க்கு வேலை கொடுத்தனர். இருப்புப்பாதையில் இருப்பவர் என்ற முறையில் நாம் அச்செய்தியைப் பெருமிதத்தோடு கத்தரித்து வைத்தோம். சில நாட்களிலேயே அவர்களிற் சிலர் வேலையை விட்டு நின்றனர் என்ற செய்தி வந்தது. காரணம் வேலையன்று, கொச்சியில் அவர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுப்பார் இல்லை. ஊரூட்டம்பலத்தில் மேசைக்குள் உறங்கிய ஆணை நினைவுக்கு வருகிறதன்றோ?

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் தங்கைக்கு மும்பையில் ஒரு மருத்துவமனையின் உணவுச்சாலையில் சமையல் வேலை கிடைத்திருக்கிறது. தங்குமிடத்துக்காக நம்மவர் வாழும் பகுதியில் மூன்று இல்லங்களில் கேட்டோம். அறை காலியாய் இருப்பதை நாம் அறிவோம். ஒருவர் உறவினர் வருகிறார் என்றார். ஒருவர் பிள்ளைகள் படிக்கிற வீடு என்றார். மூன்றாமவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி மாதம் ஒன்றாகிறது. அவர்களைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை; இலையைப் புறவாசலுக்குச் சுமந்த கை நம்முடையது.

எனவே நம் வீட்டிலேயே தங்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். ஓர் அறையும் அடுக்களையும் கொண்ட வீடு. நால்வர் இருக்கிறோம், ஐவராவோம். நம் மனைவியார் முதலில் தயங்கினார். பின்பு அவரே, தையற்பொறியைச் சன்னலோரம் தள்ளிவிட்டால் ஒரு பாய் விரிக்கலாம் என்று அளந்து பார்த்தார். பயணச்சீட்டை நாமே எடுத்தோம். முன்பதிவுப் படிவத்தில் ஆண், பெண் என்பவற்றுக்கு அடுத்து மூன்றாவதாக ஒரு கட்டம் உண்டு. இத்தனை ஆண்டுப் பணியில் அதனை நிரப்பியோரை நாம் விரல்விட்டு எண்ணிவிடலாம். அவளைத் தொலைபேசியில் கேட்டோம். அவள் சொன்னபடி நிரப்பினோம்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு அவளையும் அழைத்து வருவோம். பந்திக்குச் சமைக்க ஆள் தேடுகிறார்கள் என்று செயலாளர் சொன்னார். அதற்கும் அவள் இசைந்திருக்கிறாள். பேச்சுப் போட்டியில் பரிசு பெற்ற சிறுமிக்குப் பஞ்சமியின் கதையைச் சொல்ல ஒப்புக்கொண்டிருப்பவளும் அவளே. நம் வீட்டு உரிமையாளரிடம் மட்டும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் தேதி வாடகை கொடுக்கப் போகும்போது சொல்ல வேண்டும்.